புயலில் மூழ்கிய கடற்கரை வீட்டைப் புதியவர் வாங்கலாமா?

கேள்வி இதுதான்: கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. வீடு வாங்கிப் பழுதுபார்த்து விற்ற அனுபவம் இல்லை. புளோரிடாவின் மேற்குக் கடற்கரையில் ஹெலீன் புயலில் தண்ணீர் புகுந்த வீடுகள் அக்கம்பக்கத்து விலையைவிடக் கணிசமாகக் குறைத்து விற்பனைக்கு வருகின்றன. அதில் ஒன்றை வாங்கி முதலீட்டைத் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் மலிவாகத் தெரியும் வீடுகளில் பெரும்பாலானவை உண்மையில் மலிவு இல்லை. நனைந்த சுவரை மாற்றிவிடலாம், சமையலறையைப் புதிதாகப் போட்டுவிடலாம். தரைமட்டத்தை மாற்றுவதுதான் பெரும்பாடு. அந்த வீட்டின் தரை எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்தைப் பற்றிச் சட்டமும் காப்பீடும் என்ன சொல்கின்றன என்பதில்தான் விலை நிற்கிறது. டைல்ஸ், பெயின்ட் எல்லாம் அப்புறம்.

முதலில் 50 சதவீத விதி. இதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வீட்டையும் போய்ப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

அமெரிக்க மத்திய அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் 1968இல் வந்த சட்டத்தால் உருவானது. இப்போது மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா அதை நடத்துகிறது. 'உன் ஊர்க்காரர்களுக்கு நான் காப்பீடு தருகிறேன், பதிலுக்கு வெள்ளப் பகுதியில் கட்டும் வீடுகளை நீ உயர்த்திக் கட்ட வைக்க வேண்டும்' என்று உள்ளூர் நிர்வாகங்களோடு அரசு செய்துகொண்ட ஏற்பாடு அது. விதி வருவதற்கு முன்பே கட்டப்பட்ட தாழ்வான வீடுகளை உடனே இடிக்கச் சொல்ல முடியாதே? அதனால் ஒரு எல்லை வைத்தார்கள். வெள்ள அபாயப் பகுதியில் இருக்கும் வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, சேதத்துக்கு முன் அந்தக் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால், பழைய வீடு என்ற சலுகை அத்தோடு போயிற்று. இன்று புதுவீடு கட்டினால் என்ன உயரம் வேண்டுமோ, அந்த உயரத்துக்கு அதையும் கொண்டுபோக வேண்டும்.

இதில் புதியவர்கள் சறுக்கும் இடம், கட்டடத்தின் மதிப்பு என்ற இரண்டு சொற்கள். மனையின் மதிப்பு கணக்கில் சேராது. கடற்கரையில் பணம் முழுக்க மனையில்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். புயலுக்கு முன் 4,80,000 டாலர் பெறுமான வீடு. அதில் மனை 3,30,000, கட்டடம் 1,50,000. இப்போது 2,90,000க்குத் தருகிறார்கள். தரை, சுவர், வயரிங், சமையலறை எல்லாம் சேர்த்து 60,000 ஆகும் என்கிறார் கான்ட்ராக்டர். உங்கள் எல்லை 75,000. தப்பித்தோம் என்று நினைப்பீர்கள். கூரை பழசாக இருக்கிறதே, அதையும் மாற்றினால் நல்ல விலைக்குப் போகுமே என்று 18,000 சேர்க்கிறீர்கள். மொத்தம் 78,000. அவ்வளவுதான், கோடு தாண்டியாயிற்று. பழுதுபார்ப்பும் மேம்பாடும் ஒரே கணக்கில்தான் வரும். கூரைக்கு ஆசைப்பட்டதால் வீட்டையே தூக்கி நிறுத்த வேண்டிய நிலை.

'மச்சான் சும்மா வந்து டைல்ஸ் ஒட்டித் தருகிறார், கூலியே இல்லை' என்றாலும் பயனில்லை. உங்கள் உழைப்பு, இனாமாக வந்த பொருள் எல்லாவற்றையும் சந்தை விலைக்குத்தான் மதிப்பிடுவார்கள். வரைபடக் கட்டணம், பெர்மிட் கட்டணம், குப்பை அகற்றும் செலவு, வீட்டுக்கு வெளியே இருக்கும் வேலி, நீச்சல் குளம் போன்றவை சேராது. அது ஒன்றுதான் ஆறுதல்.

நியாயமான ஒரு வழி உண்டு. பல ஊர்களில் வரிக்காகப் போட்ட கட்டட மதிப்பையே முதலில் எடுத்துக்கொள்வார்கள். அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரை வைத்து, புயலுக்கு முந்தைய நாள் நிலவரப்படி கட்டடத்துக்கு மட்டும் தனியாக அப்ரைசல் வாங்கிக் கொடுத்தால் பல நிர்வாகங்கள் ஏற்கின்றன. மேலே சொன்ன 1,50,000 அப்படி 1,90,000 ஆனால் எல்லை 95,000 ஆகிவிடும், கூரையும் உள்ளே வந்துவிடும். இந்த அப்ரைசலை வாங்கிய பிறகு செய்வதற்கும் வாங்குவதற்கு முன் செய்வதற்கும் இருக்கிற வித்தியாசம்தான் இந்தத் தொழிலில் புதியவருக்கும் பழையவருக்கும் உள்ள வித்தியாசம்.

நியாயமில்லாத வழிகளையும் உங்களிடம் சொல்வார்கள். வேலையை இரண்டு மூன்று பெர்மிட்டாக உடைத்துப் போடு, அல்லது பெர்மிட்டே இல்லாமல் உள்ளே முடித்துவிடு, வெளியே தெரியாது என்பார்கள். 2022 செப்டம்பர் 28 அன்று ஈயன் புயல் வந்த பிறகு புளோரிடாவின் லீ கவுன்டியில் (மாவட்டம்) இப்படி நிறைய நடந்தது. 2024இல் ஃபீமா, லீ கவுன்டிக்கும் அதற்குள் இருக்கும் கேப் கோரல், போனிடா ஸ்பிரிங்ஸ், எஸ்டெரோ, ஃபோர்ட் மையர்ஸ் பீச் ஆகிய ஊர்களுக்கும் கிடைத்துவந்த வெள்ளக் காப்பீட்டுத் தள்ளுபடியை எடுத்துவிடப்போவதாக அறிவித்தது. அனுமதியில்லாத வேலைகளும் போதிய ஆவணம் இல்லாததும் காரணம். மற்றவர்கள் ஆவணங்களைத் திரட்டிக் காட்டித் தப்பினார்கள், ஃபோர்ட் மையர்ஸ் பீச் தள்ளுபடியை இழந்தது. இதற்குப் பிறகு அந்தப் பக்கத்து அலுவலகங்கள் பழைய தாராளத்தோடு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெர்மிட் இல்லாமல் முடித்த வேலை உங்களிடம் வாங்குபவரின் பரிசோதகர் கண்ணில் படும், அல்லது டைட்டில், அதாவது உரிமைப் பத்திரங்களைத் தேடும்போது வரும். அப்போது மாட்டிக்கொள்வது நீங்கள், யோசனை சொன்னவர் அல்ல.

கோடு தாண்டிய வீட்டை என்ன செய்யலாம்? தூக்கலாம், இடித்துக் கட்டலாம், மனையாக விற்கலாம். மரச்சட்டத்தில், தரைக்குக் கீழே இடைவெளி விட்டுக் கட்டிய வீடு என்றால் ஜாக்கி வைத்துத் தூக்குவது பழகிய வேலை. 1950, 60களில் மண்ணோடு மண்ணாக கான்கிரீட் ஸ்லாப் போட்டு, அதன்மேல் ஹாலோ பிளாக் சுவர் எழுப்பிய ஒற்றை மாடி வீடுகள்தான் டாம்பா விரிகுடா ஓரத்தில் அதிகம். அவற்றையும் ஸ்லாப்போடு தூக்குகிறார்கள். ஆனால் செலவு சாதாரணமாக ஆறு இலக்கத்துக்குப் போகும். படிக்கட்டு, புதிய குழாய் இணைப்புகள், மின்னிணைப்பு எல்லாம் அதற்கு மேல்.

தூக்குவது ஒன்றும் புதுக்கலை அல்ல. டெக்சஸில் கால்வெஸ்டன் நகரத்தை 1900 செப்டம்பர் 8 அன்று புயல் அடித்துக்கொண்டு போனது, ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அதன்பின் கடல்சுவர் எழுப்பி, சுமார் 2,000 கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளில் ஏற்றி, அடியில் மணலைக் கொட்டி ஊரின் மட்டத்தையே உயர்த்தினார்கள். அந்தக் காலத்திலேயே முடிந்தது உண்மைதான். உங்கள் முதல் முதலீட்டுக்கு அது ஏற்ற வேலையா என்பது வேறு கேள்வி. என் கருத்து, வேண்டாம். கோடு தாண்டிய வீட்டை மனை விலையிலிருந்து இடிக்கும் செலவைக் கழித்த விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

சரி, உயரத்துக்கு வருவோம். ஃபீமா வரைபடத்தில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அடிப்படை வெள்ள மட்டம் குறித்திருப்பார்கள். எந்த ஓர் ஆண்டிலும் 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பதுதான் அது. 'நூறாண்டு வெள்ளம்' என்று இதைச் சொல்வதால் நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று நினைத்துவிடுகிறார்கள். 30 வருட வீட்டுக் கடன் காலத்தில் கூட்டிப் பார்த்தால் அது 26 சதவீதம், அதாவது நாலில் ஒன்று. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே அப்படியே தலைகீழ், சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான் லாபமே இருக்கிறது. அந்த மட்டத்துக்கு ஓர் அடி மேலே தரை உள்ள வீடும் மூன்று அடி கீழே உள்ள வீடும் அதே தெருவில் அடுத்தடுத்து இருக்கலாம், வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். சர்வேயர் அளந்து தரும் எலிவேஷன் சர்டிஃபிகேட்தான் இரண்டையும் பிரித்துக்காட்டும். விற்பவரிடம் கேளுங்கள், ஊர் அலுவலகக் கோப்பிலும் இருக்கலாம், இல்லையென்றால் காசு கொடுத்து எடுங்கள்.

மண்டலங்களில் விஇ என்று குறித்திருந்தால் மூன்றடிக்குக் குறையாத அலை வந்து மோதும் இடம் என்று பொருள். தூண்கள்மேல்தான் வீடு நிற்க வேண்டும், மண் கொட்டி உயர்த்தக் கூடாது. கீழே அலை வந்தால் பிய்த்துக்கொண்டு போகும் சுவர்தான் வைக்கலாம். புதியவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். வெள்ள அபாயம் உண்டு, ஆனால் அலையின் மோதல் அவ்வளவு இல்லை என்று குறித்த ஏஇ மண்டலம் பரவாயில்லை, அங்கே தேடலாம். அபாயப் பகுதிக்கு வெளியே என்று குறித்த எக்ஸ் மண்டலம் என்றால் வெள்ளமே வராது என்பது தப்பு. 2017இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் வரைபடத்துக்கு வெளியே இருந்த வீடுகள் ஏராளமாக மூழ்கின. அங்கே வங்கி காப்பீட்டைக் கட்டாயப்படுத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அடுத்தது காப்பீடு. விற்பனை விலையைத் தீர்மானிக்கப்போவது உங்களிடம் வாங்கப்போகிறவரின் மாதச் செலவு. அவர் 30 வருடக் கடனில், 7 சதவீத வட்டியில் வாங்குகிறார் என்று வையுங்கள். வெள்ளக் காப்பீடு வருடத்துக்கு 6,000 டாலர் என்றால் மாதம் 500. அந்த 500 டாலர் மாதத் தவணையில் அவர் கிட்டத்தட்ட 75,000 டாலர் கடனைத் தாங்கியிருக்க முடியும். அதாவது அந்தப் பிரீமியம் உங்கள் விற்பனை விலையில் 75,000ஐத் தின்றுவிடுகிறது. எவ்வளவு அழகாகச் சமையலறை போட்டாலும் அந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. அதனால் வாங்கும் விலையைப் பேசுவதற்கு முன்பே, பழுதுபார்த்த பிறகு இந்த வீட்டுக்குப் பிரீமியம் என்ன ஆகும் என்று காப்பீட்டு ஏஜென்டிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். தனியார் வெள்ளக் காப்பீட்டு நிறுவனங்களிலும் கேளுங்கள், சில வீடுகளுக்கு அது குறைவாக வரும், சிலவற்றுக்குக் கதவையே சாத்திவிடுவார்கள்.

2021 அக்டோபரில் ஃபீமா பிரீமியம் போடும் முறையை மாற்றியது. முன்பு மண்டலமும் உயரமும்தான் முக்கியம். இப்போது கடலிலிருந்து தூரம், கட்டிய விதம், மறுபடி கட்ட ஆகும் செலவு எல்லாம் சேர்த்துப் பார்க்கிறார்கள். முழுக் கட்டணத்தையும் ஒரேயடியாக ஏற்றாமல், குடியிருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 18 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று வரம்பு இருக்கிறது. முதலீட்டுக்காக வாங்கிய வீடு என்றால் அந்த வரம்பு 25 சதவீதம். கூடுதலாக ஒரு சர்சார்ஜும் உண்டு, குடியிருக்கும் வீட்டுக்கு வருடம் 25 டாலர், மற்றதற்கு 250. இதில் நமக்கு உபயோகமான ஒரு சமாசாரம்: விற்பவர் ஏற்கனவே குறைந்த கட்டணத்தில் பாலிசி வைத்திருந்தால் அதை அப்படியே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். அவர் கட்டிவந்த சலுகைக் கட்டணத்திலிருந்தே உங்களுக்கும் தொடரும். புதுப் பாலிசிக்கு வழக்கமாக இருக்கும் 30 நாள் காத்திருப்பும் இல்லை. அவர் பாலிசியைக் காலாவதியாக விட்டிருந்தால் அந்தச் சலுகை போய்விட்டது. விலை பேசும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது, பலர் கடைசியில்கூடக் கேட்பதில்லை.

இந்த மத்திய அரசுத் திட்டம் எவ்வளவு வரை தரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு குடும்ப வீட்டுக்கு, கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே உள்ள பொருள்களுக்கு 1,00,000. படகுத்துறை, கடல்தடுப்புச் சுவர், நீச்சல் குளம், வேலி எதற்கும் கிடையாது. வாடகை வருமானம் நின்றாலும் கிடையாது. சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்துக்குப் பணம் தராது, அது தனி.

இரண்டு கண்ணிகள் இன்னும் ஆழத்தில் இருக்கின்றன. ஒன்று, முந்தைய உரிமையாளர் புயலுக்காக மத்திய அரசின் நிவாரணம் வாங்கியிருந்தால், வெள்ளக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை வீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். நீங்கள் வைக்காமல் விட்டால் அடுத்த புயலில் உங்களுக்கு அந்த உதவி கிடைக்காது. மற்றது, 1982இல் வந்த கடற்கரைத் தடுப்புத் தீவுகள் சட்டம். அதில் குறித்த பகுதிகளில் பிறகு கட்டிய வீட்டுக்கும், 50 சதவீதத்தைத் தாண்டிப் பழுதான வீட்டுக்கும் மத்திய வெள்ளக் காப்பீடே கிடையாது. மணல் தீவில் மலிவாக ஒரு வீடு வந்தால் முதலில் இந்த வரைபடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் போவோம். கடல் நீர் புகுந்த வீடும் மழைநீர் புகுந்த வீடும் ஒன்றல்ல. மழைநீர் காய்ந்தால் போய்விடும், உப்பு போகாது. நான் மேலே சொன்ன ஹாலோ பிளாக் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிளாக்கின் உட்புறம் மெல்லிய மரப்பட்டிகள் அடித்து, அதன்மேல் டிரைவால் என்ற ஜிப்சம் பலகை போட்டிருப்பார்கள். வெள்ளம் வந்த பிறகு விற்பவர் கீழிருந்து நாலடிக்கு டிரைவாலை வெட்டி எடுத்து, இரண்டு வாரம் ஃபேன் ஓட்டி, புதிய டிரைவால் வைத்துப் பெயின்ட் அடித்து, 'முழுதும் சரிசெய்யப்பட்டது' என்று விற்கிறார். பிளாக்கின் குழிகளுக்குள் போன உப்பு அங்கேயேதான் இருக்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதனால் மழையே இல்லாத, புழுக்கமான நாளில் சுவரின் கீழ்ப்பகுதியில் ஈரமானி வைத்தால் எண் ஏறும், மேலே வைத்தால் இறங்கும். மரப்பட்டியை மாற்றாமல் விட்டிருந்தால் ஆணித் தலைகள் துருப்பிடித்து, புதுப் பெயின்டின்மேல் வரிசையாகச் சின்னச் சின்னப் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். வெளிச்சுவரில் முழங்கால் உயரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். கை வைத்தால் ஒட்டும்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, தாழ்வாக உள்ள ஒரு பிளக் பாயின்டின் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். உள்ளே திருகாணியும் பித்தளைப் பகுதியும் பச்சை பூத்திருந்தால் அந்தப் பாயின்ட் மூழ்கியது, மாற்றவில்லை என்று அர்த்தம். உப்புநீரில் மூழ்கிய பிரேக்கர், சுவிட்ச், பிளக் பாயின்ட் எதையும் காயவைத்துப் பயன்படுத்தக் கூடாது. இன்று வேலை செய்யும், ஒருநாள் தீப்பிடிக்கும். கேபிளுக்குள்ளே காகிதச் சுற்று இருந்தால் அது தண்ணீரை மேல்நோக்கி உறிஞ்சியிருக்கும், கேபிளையும் மாற்ற வேண்டியதுதான்.

பூஞ்சைக்கு 24 முதல் 48 மணி நேரம் போதும். ஹெலீன் 2024 செப்டம்பர் 26 அன்று கரையேறிய இடம் டாம்பாவிலிருந்து நூறு மைலுக்கும் அப்பால். அப்படியும் விரிகுடாவில் கடல் ஏறி வீடுகளுக்குள் வந்தது. வெட்டியெடுத்த சுவரும் மெத்தையும் தெருவோரம் குவிந்து கிடக்கும்போதே, அக்டோபர் 9 அன்று மில்டன் வந்து சேர்ந்தது. பல இடங்களில் மின்சாரம் போனது. ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை எப்படி ஓட்டுவது? அந்த இரண்டு புயலையும் பார்த்த வீட்டில், எந்தத் தேதியில் சுவரை வெட்டினார்கள், எந்தத் தேதியில் காய்ந்தது என்பதற்குப் படமும் ரசீதும் கேளுங்கள். தேதியோடு காட்டுகிறவரின் வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தப்பில்லை. எனக்கென்னவோ, ஒன்றுமே செய்யாமல் சுவரை வெட்டி எலும்பாக நிற்கும் வீடுதான் அரைகுறையாக மூடி மினுக்கிய வீட்டைவிடப் பிடிக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

கால்வாய் ஓரத்து வீடு என்றால் வீட்டைவிட்டு வெளியே வந்து தடுப்புச் சுவரைப் பாருங்கள். கேப் கோரலில் கால்வாய்கள் மட்டும் சுமார் 400 மைல். வெள்ளம் வடியும்போது சுவருக்குப் பின்னாலிருக்கும் மண்ணை இழுத்துக்கொண்டு போகும். புல்தரையில் ஆங்காங்கே சின்னக் குழிகள் விழுந்திருந்தால் சுவர் உள்ளே கழன்றுவிட்டது என்று சந்தேகப்படுங்கள். வீட்டுக்குள் ஸ்லாப்பைத் தட்டிப் பார்க்கும்போது வெற்றொலி வந்தாலும் அதே கதைதான். இதற்குச் சாதாரண வீட்டுப் பரிசோதகர் போதாது, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வேண்டும். திறந்த கடலைப் பார்த்த வீடுகளில் மண்ணரிப்பையும் சேர்த்துப் பாருங்கள். வட கரோலினாவின் ரோடாந்தேயில் வீடுகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் சரிகின்றன. 2023இல் தேசியப் பூங்காத் துறையே அங்கே இரண்டு வீடுகளை வாங்கி இடித்தது.

காகிதத்தில் பார்க்க வேண்டியது குறைவுதான், ஆனால் விடக் கூடாது. புளோரிடாவில் 2024 அக்டோபர் 1 முதல் வீடு விற்பவர், வெள்ளச் சேதத்துக்காகக் காப்பீடு கோரினாரா, மத்திய அரசின் உதவி பெற்றாரா என்று எழுதித் தர வேண்டும். ஒப்பந்தம் போடும்போதோ அதற்கு முன்போ அது உங்கள் கைக்கு வர வேண்டும். நீங்கள் விற்கும்போதும் அதே தாளில் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்கள். அதனால் 'வாங்குபவருக்குத் தெரியாமல் தள்ளிவிடலாம்' என்ற கணக்கு எதுவும் மனதில் இருந்தால் இப்போதே அழித்துவிடுங்கள். முடிக்காமல் விட்ட பழைய பெர்மிட், ஊர் நிர்வாகம் போட்ட அபராதம் இரண்டும் சாதாரண டைட்டில் தேடலில் வராமல் போகலாம். நகராட்சிப் பாக்கித் தேடல் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். விதிமீறலுக்கான அபராதம் நாள் கணக்கில் ஏறிக்கொண்டே போகும்.

பணம். சமையலறையும் கழிப்பறையும் இல்லாத வீட்டுக்குச் சாதாரண வங்கிக் கடன் கிடைக்காது. ரொக்கம், அல்லது கூடுதல் வட்டிக்குக் குறுகிய காலக் கடன். ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் வட்டி, வரி, காலி வீட்டுக்கான தனிக் காப்பீடு என்று கழியும். புயலுக்குப் பிறகு வட்டாரமே ஒரே நேரத்தில் கான்ட்ராக்டரைத் தேடுவதால், மூன்று மாத வேலை என்று சொன்னது ஒன்பது மாதம் ஆவது சகஜம். அதைக் கணக்கில் வையுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் பருவம். மெக்சிகோ வளைகுடாவில் பெயர் வைத்த புயல் ஒன்று சுற்ற ஆரம்பித்தால் காப்பீட்டு நிறுவனங்கள் புதுப் பாலிசி எழுதுவதை நிறுத்திவிடும், உங்களிடம் வாங்குபவரின் கடன் அந்த வாரம் முடியாது. விற்பனையை டிசம்பர் முதல் மே வரை வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஒரு வருடத்துக்குள் விற்றால் லாபத்துக்குச் சாதாரண வருமான வரிதான், நீண்டகால முதலீட்டுச் சலுகை இல்லை. பணி விசாவில் இருப்பவர்கள் வீடு வாங்கி வாடகைக்கு விடுவதும் தாங்களே முன்னின்று வாங்கி விற்கும் தொழில் நடத்துவதும் ஒன்றல்ல. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்டுவிடுங்கள்.

கடலோர அடுக்குமாடி மலிவாக வருகிறதே என்று கேட்பீர்கள். 2021 ஜூன் 24 அன்று சர்ஃப்சைடில் கட்டடம் இடிந்து 98 பேர் இறந்த பிறகு, புளோரிடாவில் மூன்று மாடிக்கும் அதற்கு மேலும் உள்ள பழைய அடுக்குமாடிகளுக்குக் கட்டாயச் சோதனையும் பழுதுக்கான கையிருப்பு நிதியும் வந்தன. அந்தச் செலவு ஒவ்வொரு வீட்டுக்காரர் தலையிலும் தனி வசூலாக இறங்குகிறது. சங்கத்தின் கணக்கைப் படிக்கத் தெரியாதவரை அதை விட்டுவிடுங்கள்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? நானாக இருந்தால் இப்படித் தேடுவேன். வெள்ள வரைபடங்கள் வந்த பிறகு, 1980களிலோ அதற்குப் பின்போ, விதிப்படி உயர்த்திக் கட்டிய வீடு. தண்ணீர் கீழே உள்ள கராஜில் மட்டும் வந்திருக்க வேண்டும், அல்லது மேல்தளத்தில் சில அங்குலம் வந்து ஓரிரு நாளில் வடிந்திருக்க வேண்டும். பக்கத்து வீடுகளெல்லாம் மூழ்கியதால் அந்தத் தெருவுக்கே பேர் கெட்டு இதன் விலையும் சேர்ந்து விழுந்திருக்கும். பழுது 50 சதவீதத்துக்கு வெகு கீழே இருக்கும், எலிவேஷன் சர்டிஃபிகேட் நல்ல எண் காட்டும், பிரீமியம் கட்டுப்படியாகும். இப்படிப்பட்ட வீடு அடிக்கடி வராது. வரும்போது ரொக்கத்தோடு நிற்கும் அனுபவசாலிகளோடு போட்டி போட வேண்டியிருக்கும். விற்று லாபம் பார்க்க முடியாவிட்டாலும் வைத்து வாடகைக்கு விட்டால் காப்பீடு போகக் கையில் ஏதாவது நிற்குமா என்று ஒரு கணக்குப் போடுங்கள். நிற்காது என்றால் வாங்காதீர்கள்.

பழுதுபார்க்கும்போது அடுத்த வெள்ளத்தை மனதில் வைத்துச் செய்யுங்கள். கீழ் நாலடிக்குக் காகிதம் ஒட்டிய டிரைவாலுக்குப் பதில் சிமென்ட் பலகை, தண்ணீர் குடிக்காத இன்சுலேஷன், மரத்துக்குப் பதில் பிவிசி ஓரப்பட்டி, தரைக்கு டைல்ஸ், பிளக் பாயின்டுகள் இடுப்புக்கு மேலே, ஏசி யூனிட் மேடைமேல். செலவு கொஞ்சம் கூடும், அதையும் 50 சதவீதக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு வீடு பிடித்துப்போனால் ஏஜென்டுக்குப் போன் செய்வதற்கு முன் அந்த ஊரின் பில்டிங் டிபார்ட்மென்டுக்குப் போங்கள். வெள்ளப் பகுதி நிர்வாகி என்று ஒருவர் இருப்பார். முகவரியைக் கொடுத்து அவரிடம் கேளுங்கள்: இந்த வீட்டுக்குக் கணிசமான சேதம், அதாவது 50 சதவீதக் கோட்டைத் தொட்டுவிட்டது என்று கடிதம் அனுப்பியிருக்கிறீர்களா? 50 சதவீதத்தை இந்த ஒரு வேலைக்கு மட்டும் பார்ப்பீர்களா, முந்தைய வருடங்களின் பெர்மிட்டையும் கூட்டுவீர்களா? கட்டடத்துக்கு நீங்கள் எடுத்துக்கொள்ளும் மதிப்பு எவ்வளவு, தனி அப்ரைசல் கொடுத்தால் ஏற்பீர்களா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். 'இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள், இன்றைக்கே முடிவு சொல்லுங்கள்' என்று ஏஜென்ட் அவசரப்படுத்தினால், பரிசோதனைக் காலத்தில் காரணம் சொல்லாமல் முன்பணத்தைத் திரும்பப் பெறும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். எழுத மறுத்தால் அந்த வீட்டை மற்ற இரண்டு பேருக்கே விட்டுவிடுங்கள்.